நாய் இறந்தால் புதைப்பதா, எரிப்பதா? (கோலாலம்பூர் செந்தூல், தரை வீடு, 18 கிலோ)

செந்தூல்காரி | 4 ஆகஸ்ட், இரவு 11.20

பதிமூணு வயசு நாய், 18 கிலோ. சிறுநீரகம் போயிடுச்சு. இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டார். மாமனார் பின்னாடியே புதைக்கணும்கிறார், எஸ்டேட்ல அப்படித்தான் செஞ்சாங்களாம். வீட்டுக்காரர் எரிக்கணும்கிறார். பையனுக்கு ஆறு வயசு. பின்பக்கம் பாதி சிமெண்டு, பாதி மண். குழியில சுண்ணாம்பு கொட்டினா போதும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

பின்வாசல் | 4 ஆகஸ்ட், இரவு 11.52

சுண்ணாம்பு வேணாம். சீக்கிரம் கரைச்சுடும்னு ஊரே நம்புது, நடக்கிறது நேரெதிர். ஈரத்தை உறிஞ்சி உடம்பைச் சுத்தி ஓடு மாதிரி இறுகிடும், உள்ள மக்குறது தாமதமாகும். வாடை கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். வாடையை அடக்க வேண்டியது மண்ணோட ஆழம்.

புதைக்கிறதா எரிக்கிறதான்னு பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. தானா போகட்டும்னு விடப்போறீங்களா, டாக்டர்கிட்ட ஊசி போட்டு அனுப்பப்போறீங்களா? ஊசியில போறது பென்டோபார்பிட்டல். மயக்க மருந்துதான், அளவு மட்டும் பல மடங்கு. அது உடம்போட மண்ணுக்குள்ள போயி வருஷம் தாண்டியும் சிதையாம கிடக்கும். சாக்கடை ஓரம் எத்தனை உடும்பு திரியுதுன்னு செந்தூல்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லவேண்டியதில்ல. தோண்டித் தின்னா உடும்பும் போயிடும், தெரு நாயும் போயிடும். ஊசின்னா எரிக்கிறதே நல்லது. தானா போனா ரெண்டும் செய்யலாம்.

பின்வாசல் | 5 ஆகஸ்ட், காலை 6.40

குழிக் கணக்கு. 18 கிலோ நாயைச் சுருட்டிப் படுக்க வெச்சா 70க்கு 50 செ.மீ. இடம் பிடிக்கும். குழி 80 நீளம், 60 அகலம், நாலு அடி ஆழம். கிட்டத்தட்ட ஒரு டன் மண் வெளிய வரும். நம்ம பக்கத்துச் செம்மண் காஞ்சா கல்லு. சங்குல் (மண்வெட்டி) மட்டும் பத்தாது, கடப்பாரை வேணும். ரெண்டு ஆள், ரெண்டரை மூணு மணி நேரம். வயசான மாமனார் தனியா இறங்கினார்னா அடுத்த கேஸ் அவரு.

தோண்டுற இடம்: பின்சந்துக்குப் போற மலக்குழாய் உங்க பின்வாசலுக்குக் கீழதான் ஓடும். பின்பக்கம் சதுர மூடி இருக்கும் பாருங்க. அதுலேர்ந்து சந்து வரைக்கும் ஒரு கோடு மனசுக்குள்ள போட்டுட்டு, அந்தக் கோட்டுலேர்ந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்க. உங்க நிலத்துக்குள்ள குழாய் உடைஞ்சா செலவு உங்களோடது, கழிவுநீர் கம்பெனி இண்டா வாட்டர் வந்து பாக்காது. அஸ்திவாரச் சுவரையும் அண்டக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரர்னா, முஸ்லிம்களுக்கு நாய் ஆகாதுங்கிறதால வேலியோரம் வேணாம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

அப்புறம், சமையலறையைப் பின்னாடி நீட்டுற எண்ணம் இருக்கா? தரை வீட்டுல எல்லாருக்கும் அந்த எண்ணம் இருக்கு. இருந்தா அங்க புதைக்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு பங்களா லோரியில வந்த வேலையாள் அதைத் தோண்டி எடுக்கிறதை யாரும் பாக்கணும்னு இல்ல.

ஜெலுத்தோங் பூனை | 5 ஆகஸ்ட், காலை 9.05

பங்களா லோரின்னா பங்களாவை ஏத்திட்டு வருமாண்ணே?

பின்வாசல் | 5 ஆகஸ்ட், காலை 9.11

பங்களாதேஷ் ஆளுங்க. தூக்கத்துல எழுதினது.

பழைய எஸ்டேட் | 5 ஆகஸ்ட், மதியம் 1.30

நாலு அடின்னா எதுலேர்ந்து நாலு அடி தம்பி? குழிக்கு அடியிலேர்ந்தா? நாயோட முதுகுலேர்ந்தா? எஸ்டேட்ல ஆளுங்க ரெண்டு அடி தோண்டி மேல ஒரு கல்லைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. மறுநாள் காலையில பன்னி வந்து கல்லைப் புரட்டிட்டிருக்கும்.

பின்வாசல் | 5 ஆகஸ்ட், மதியம் 2.15

ஐயா சொல்றது சரி, நான் எழுதினது தப்பாப் படிக்கிற மாதிரி இருக்கு. கணக்கு உடம்புக்கு மேல இருக்கிற மண்ணுக்கு. அது மூணு அடிக்குக் குறையக்கூடாது. நாய் ஒரு அடி எடுத்துக்கும், ஆக மொத்தம் நாலு. பூனைக்கும் மேல மண்ணு அதே மூணு அடி, அகலம் மட்டும் பாதி போதும்.

இன்னொண்ணு விட்டுட்டேன். ரெண்டு அடி தோண்டினதும் நிறுத்தி ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க. அரை மணி நேரத்துல இறங்கிட்டா மண்ணு நல்லது. அப்படியே நின்னா களிமண், உடம்பு சேத்துல ஊறி மாசக்கணக்கா மக்காது. தண்ணி ஊத்தாமலே அடியில ஊறி வந்துச்சுன்னா குழியை மூடிட்டு எரிக்கப் போயிடுங்க. பினாங்குல கடலோரம் மண் போட்டு மீட்ட நிலத்துல அதுதான் நடக்கும். ஜெலுத்தோங்காரருக்கு இது.

ஜெலுத்தோங் பூனை | 5 ஆகஸ்ட், மாலை 4.50

நான் பதினாலாவது மாடி. தோண்டினா பதிமூணாவது மாடிக்காரர் தலை.

பின்வாசல் | 5 ஆகஸ்ட், இரவு 10.30

குழியை முன்கூட்டியே தோண்டி வைக்கலாமா? கூடாதுன்னு முதல்ல எழுதி அழிச்சேன், உயிரோட இருக்கிற நாய்க்கு முன்னாடி குழி தோண்டுறது எப்படியோ இருக்குன்னு. ஆனா கேஎல்லுல சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிடிச்சா எந்த வேலையும் ஓடாது. ஆகையால இப்போதைக்கு ரெண்டு அடி மட்டும் தோண்டி, தண்ணி சோதனையைப் பாத்துட்டு, மேல தகரம் போட்டு, தகரத்து மேல செங்கல் வைங்க. பையன் கேட்டா உண்மையைச் சொல்லுங்க. வாழை நடப்போறோம்னு சொல்லிடாதீங்க, பின்னாடி வாழை எங்கன்னு கேப்பான்.

செந்தூல்காரி | 6 ஆகஸ்ட், காலை 7.15

ஊசியா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது? நேத்து முழுக்க எழுந்திருக்கல. இன்னிக்கு வாலை ஆட்டுது.

பின்வாசல் | 6 ஆகஸ்ட், காலை 8.00

வாலை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நாய் சாகிற அன்னிக்கும் வாலாட்டும்.

அமெரிக்காவுல வில்லலோபோஸ்னு ஒரு கால்நடை மருத்துவர் 2004ல ஒரு மதிப்பெண் முறை போட்டாங்க. ஏழு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் பத்து: வலி (மூச்சுத் திணறலும் இதுலதான் வரும்), பசி, உடம்புல தண்ணி, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கடைசியா கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலாங்கிறது. எழுபதுக்கு முப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா தொடரலாம்.

இதுல சிறுநீரக நாய்க்கு ஒரு ஓட்டை இருக்கு. தோலுக்கடியில டிரிப் ஏத்தின ரெண்டு மணி நேரத்துல எந்த நாயும் தெளிவாத்தான் இருக்கும். தண்ணிக்கு எட்டு, சந்தோஷத்துக்கு ஏழுன்னு போட்டுட்டு நிம்மதியாத் தூங்கப் போயிடுவோம். அதனால தினமும் ஒரே நேரம், டிரிப்புக்கு முன்னாடி போடுங்க. வீட்டுல ரெண்டு பேர் தனித்தனியா, ஒருத்தர் மத்தவங்களுதைப் பாக்காம. ரெண்டு கணக்குக்கும் பத்துக்கு மேல வித்தியாசம் வந்தா ஒருத்தர் ஆசையில போடுறார். நாள்காட்டித் தாளைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி அதுலயே எண்ணை எழுதி ஒரு கிளிப்புல மாட்டி வைங்க. தாளைப் புரட்டினா எந்தப் பக்கம் இறங்குதுன்னு தானா தெரியும்.

எண்ணு பாக்காமலே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அடையாளம்: வாயில அமோனியா நாத்தம், நாக்கு ஓரம் புண்ணு, தண்ணி குடிச்சாலே வாந்தி, தசை துடிக்கிறது, வலிப்பு. கடைசி ரெண்டுல எது வந்தாலும் காலைவரைக்கும் காத்திருக்காதீங்க.

பின்வாசல் | 6 ஆகஸ்ட், காலை 8.04

வலிக்குதேன்னு பெனடோல் (பாராசிட்டமால்) கொடுக்காதீங்க. வீட்டுல பூனை இருந்தா அந்த அட்டையையே எட்டாத இடத்துல வைங்க. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும், ஈறு பழுப்பாயிடும், மூச்சு முட்டும். மனுஷங்க சாப்பிடுற ஐபுப்ரோஃபன் நாய்க்கு வயித்தையும் மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் முடிச்சிடும். ரசம் சோறு ஊட்டிப் பாக்கிறதும் வேணாம். குமட்டலோட இருக்கிற நாய்க்கு வாயைத் திறந்து ஊட்டினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

பழைய எஸ்டேட் | 6 ஆகஸ்ட், மதியம் 12.40

ஊசி போடுறப்போ என்னென்ன நடக்கும்னு எழுதுங்க தம்பி. பாதிப் பேருக்குத் தெரியாம அங்க போயி நின்னுட்டு அலறுறாங்க.

பின்வாசல் | 6 ஆகஸ்ட், மாலை 6.20

முதல்ல தசையில ஒரு மயக்க ஊசி. அஞ்சுலேர்ந்து பதினஞ்சு நிமிஷத்துல தலை சாயும். பேச வேண்டியதை இந்த நேரத்துல பேசிடுங்க, அப்புறம் அதுக்குக் கேக்காது. பிறகு முன்னங்கால்ல முடியைச் சிரைச்சு நரம்புல குழாய் போட்டு ரெண்டாவது மருந்து. அது உள்ள போயி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல இதயம் நின்னுடும்.

தெரியாம அலறுறது மூணு விஷயத்துக்கு. கண்ணு மூடாது, திறந்தபடியே இருக்கும். நின்னதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை பெருமூச்சு மாதிரி வரும், தசை துடிக்கும். அது உயிர் இல்ல, அனிச்சை. மூத்திரம், மலம் வெளிய வரும். பின்பக்கம் ஒரு பேட் விரிச்சு வைங்க, பெரியவங்களுக்கு வாங்குற டயப்பர் பேட் போதும்.

சிறுநீரக நாய்ங்களுக்கு உடம்புல தண்ணி வத்தி ரத்த அழுத்தம் இறங்கிப் போயிருக்கும், நரம்பு கிடைக்க நேரமாகும். ரெண்டு மூணு தடவை குத்தினா டாக்டருக்குத் தெரியலன்னு நினைக்காதீங்க. காசை முன்கூட்டியே கட்டிடுங்க. முடிஞ்சதும் கவுண்டர்ல நின்னு கார்டைத் தட்டுறது கொடுமை. நாளோட கடைசி அப்பாயிண்ட்மெண்டைக் கேளுங்க, காத்திருக்கிற இடத்துல ஆள் இருக்காது.

செந்தூல்காரி | 7 ஆகஸ்ட், இரவு 12.10

28, என் கணக்கு. அவரு 41. நீங்க சொன்ன மாதிரியே. டாக்டர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி ராத்திரியில வீட்டுலயே போயிட்டா?

பின்வாசல் | 7 ஆகஸ்ட், காலை 5.55

அப்போ நேரம்தான் எதிரி. இங்கிலீஷ்ல எழுதிப் போட்டிருக்கிற குறிப்பெல்லாம் குளிர் நாட்டுக்கணக்கு. நம்ம ராத்திரி 27 டிகிரி.

முதல் கால் மணி நேரம். போயிடுச்சான்னு பாருங்க. நெஞ்சு அஞ்சு நிமிஷம் அசையல, கண் ஓரத்தைத் தொட்டா இமைக்கல, ஈறு வெளுத்துடுச்சுன்னா முடிஞ்சது. தூக்குறப்போ வாயிலேர்ந்து முனகல் மாதிரி சத்தம் வரும், நெஞ்சுல இருந்த காத்து.

அடுத்து காலை மடக்கணும். விறைப்பு ரெண்டு மூணு மணி நேரத்துலயே பிடிக்க ஆரம்பிக்கும், நம்ம சூட்டுல இன்னும் சீக்கிரம். நீட்டின காலோட விறைச்சுட்டா எந்தப் பெட்டியிலயும் அடங்காது, குழியும் ஒரு அடி நீளமா வேணும். தூங்குற மாதிரி சுருட்டி, தலைக்கும் பின்பக்கத்துக்கும் துண்டு வைங்க. வலுக்கட்டாயமா மூட்டை முறிக்காதீங்க. விறைச்சுட்டா விடுங்க, ஒண்ணரை நாள்ல தானா தளரும்.

பிறகு குளிர்ச்சி. இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறது: சூடான உடம்பைக் குப்பைப் பையில போட்டுக் கட்டுறாங்க. உள்ள சூடு வெளிய போக வழியில்லாம வேகுற மாதிரி ஆயிடும். பையே வேணாம். ஏர்கோன் ரூம், 16ல. கடையில வாங்குற ஐஸ் மூட்டையும் வேணாம், உருகி முடி நனைஞ்சா இன்னும் சீக்கிரம் கெடும். இன்னிக்கே ஒண்ணரை லிட்டர் மினரல் போத்தல் எட்டு எடுத்து முக்கால் பாகம் தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. ராத்திரி நாலு போத்தல் துணியில சுத்தி, ரெண்டு வயித்துல, ஒண்ணு தொடை இடுக்குல, ஒண்ணு கழுத்துக்குக் கீழ. வயித்துலதான் கெடுதல் ஆரம்பிக்கும், முதுகுல வைக்கிற ஐஸால பிரயோஜனமில்ல. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

பாசார்ல மீன்காரங்க வெச்சிருக்கிற வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி பெரிய அளவு ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சா அதுக்குள்ளேயே எல்லாம் அடங்கும். கழுவிக் காய வைங்க. மீன் வாடை அதுக்குப் பிடிச்ச வாடைதானே.

இப்படி வெச்சா மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ஒண்ணும் செய்யலன்னா ஆறு எட்டு மணி நேரத்துல வயிறு ஊத ஆரம்பிச்சுடும்.

ஜெலுத்தோங் பூனை | 7 ஆகஸ்ட், காலை 8.30

பூனைக்கு ரெண்டு போத்தல் போதும்தானே? அப்புறம் லிஃப்ட்ல எப்படிக் கொண்டு இறக்குறது, எல்லாரும் ஏறுற லிஃப்ட்?

பின்வாசல் | 7 ஆகஸ்ட், காலை 8.50

ரெண்டு போதும். லிஃப்ட்டுக்கு அந்தப் பெட்டிதான், மேல கைலி போட்டு மூடி. செக்குரிட்டிகிட்ட முன்னாடி சொல்லிடுங்க. கிராப் கூப்பிடுறதா இருந்தா டிரைவருக்கு முதல்ல சொல்லணும். ஏறினதுக்கப்புறம் சொல்லி நடு வழியில இறக்கிவிட்டா அந்தப் பெட்டியோட வெயில்ல நிக்கணும்.

பின்வாசல் | 7 ஆகஸ்ட், இரவு 9.40

எரிக்கிற இடத்துல கேக்க வேண்டியது. "தனியா எரிப்பீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க. "அறைக்குள்ள ஒரே உடம்பா, இல்ல நடுவுல தடுப்பு வெச்சு ரெண்டு மூணா"ன்னு கேளுங்க. தடுப்பு வெச்சா சாம்பல் கொஞ்சம் கலக்கும். பரவாயில்லன்னா விலை குறைவு, அது உங்க இஷ்டம், தெரிஞ்சு செய்யுங்க. மைக்ரோசிப் இருந்தா ஒப்படைக்கிறப்போ ஸ்கேன் பண்ணி அந்தப் பதினஞ்சு இலக்க எண்ணை ரசீதுல எழுதச் சொல்லுங்க. கிளினிக் ஃப்ரீசர்ல எத்தனை நாள் கிடக்கும்னும் கேளுங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான் லோரி வரும்னு சொல்ற இடம் இருக்கு.

கழுத்துப் பட்டையைக் கழட்டிடுங்க. கூட வைக்கிறதுன்னா பருத்தித் துணி, பூ. ரப்பர் பொம்மை வேணாம், உருகி எலும்புல ஒட்டும்.

சாம்பல் எடை உடம்புல இருபதுல ஒரு பங்கு. 18 கிலோவுக்கு 900 கிராம்.

பின்வாசல் | 8 ஆகஸ்ட், காலை 6.10

மேல எழுதின இருபதுல ஒரு பங்கு தப்பு. நூத்துக்கு மூணரைதான் வரும். 18 கிலோவுக்கு 630 கிராம். கலயம் வாங்குறதுக்குக் கணக்கு கிலோவுக்கு 36 மில்லி, ஆக 650 மில்லி. மினரல் போத்தல்ல பாதிக்கும் குறைவு. பெரிய ஜாடி வாங்கிட்டு வந்து அடியில கொஞ்சூண்டு கிடக்கிறதைப் பாத்தா மனசு என்னவோ பண்ணும், அதுக்குத்தான் சொல்றேன்.

செம்பருத்திச் செடிக்கு அடியில போடலாம்னு நினைச்சா நேரா கொட்டாதீங்க. முழுக்க உப்பும் காரமும், வேரைக் கருக்கிடும். ஒரு கைப்பிடிக்கு ஒரு பக்கெட் மண்ணு கலந்து, செடியைச் சுத்தித் தள்ளிப் போடுங்க.

பழைய எஸ்டேட் | 8 ஆகஸ்ட், காலை 10.20

தீட்டு உண்டான்னு வீட்டுல கேப்பாங்க. தீட்டு பங்காளிக்கு. நாய் பங்காளி இல்ல, பங்கு கேக்காத ஒரே ஆளு அதுதான். பைரவர் வாகனம்னு விளக்கு ஏத்துறவங்க ஏத்தட்டும், பால் வைக்கிறவங்க வைக்கட்டும். கோயிலுக்குப் போகக்கூடாதுன்னு யாரும் தடுக்க முடியாது. குளிச்சுட்டுப் போங்க, அது சுத்தத்துக்கு.

பையன்கிட்ட "சாமி கூப்பிட்டுக்கிச்சு"ன்னு சொல்லலாமே?

பின்வாசல் | 8 ஆகஸ்ட், மதியம் 1.45

வேணாம் ஐயா. ஆறு வயசுக்கு அது நேரடி அர்த்தம். நாளைக்குப் பாட்டி கோயிலுக்குப் போனா சாமி பாட்டியையும் வெச்சுக்குமான்னு கேக்கும். "தூங்க வெச்சுட்டாங்க" அதைவிட மோசம், ராத்திரி தூங்கவே மாட்டான். "ஊருக்குப் போயிருக்கு"ன்னு சொன்னா தினமும் வாசலைப் பாக்கும்.

மூணு வாக்கியம் போதும். "உடம்பு ரொம்ப வீணாப்போயி செத்துடுச்சு. இதயம் நின்னுடுச்சு, இனிமே மூச்சு விடாது, வலிக்காது. திரும்ப வராது." செத்துடுச்சுங்கிற சொல் நமக்குத்தான் கூசும், பிள்ளைக்குத் தெளிவா இருக்கும். பத்து நாளைக்கு அதே கேள்வியைக் கேப்பான், அதே வார்த்தையில பதில் சொல்லுங்க. மாத்திச் சொன்னா எதோ மறைக்கிறாங்கன்னு புரிஞ்சுக்குவான். "உன்னாலதான்"ங்கிற மாதிரி அவனே எதாவது நினைச்சு வெச்சிருப்பான், அன்னிக்கு பிஸ்கட் கொடுத்தேனேன்னு. நீங்களே கேட்டு இல்லைன்னு சொல்லிடுங்க. பள்ளிக்கூடத்துல டீச்சருக்கு ஒரு வரி வாட்சப்.

ஊசி போடுற ரூமுக்குள்ள பையன் வேணாம்.

பழைய எஸ்டேட் | 8 ஆகஸ்ட், மாலை 5.00

உடம்பையாவது காட்டணும். காட்டாத பிள்ளை தேடும். எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு கட்டிலுக்குக் கீழ பாக்கும்.

பின்வாசல் | 8 ஆகஸ்ட், இரவு 11.15

ஐயா சொன்னதை யோசிச்சேன். ஊசி குத்துற நேரம் வெளிய, அதுல மாத்தமில்ல, ஏன்னா நரம்பு தேடுற இழுபறி பெரியவங்களுக்கே தாங்காது. ஆனா முடிஞ்சதுக்கப்புறம் துடைச்சு, சுருட்டி, துணி போத்தினப்புறம் கேட்டா காட்டுங்க. "தொடலாம், குளிர்ச்சியா இருக்கும், கண்ணு திறந்திருக்கும்"னு முன்னாடியே சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. வர மாட்டேன்னா இழுக்காதீங்க. ஒரு வேலை கொடுங்க, பூ பறிக்கிறது மாதிரி.

செந்தூல்காரி | 9 ஆகஸ்ட், காலை 7.00

கால் தடம் எடுத்து வைக்கணும்னு பையன் கேக்கிறான். மாவுல எடுக்கலாம்னு யூடியூப்ல இருக்கு.

பின்வாசல் | 9 ஆகஸ்ட், காலை 7.40

ரெண்டு கப் மாவு, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணி, 120 டிகிரியில மூணு மணி நேரம். வரும், அழகாத்தான் வரும். ஆனா நம்ம ஈரக்காத்துல உப்பு தண்ணியை இழுத்து மூணு மாசத்துல தடம் கொழகொழத்துடும், எறும்பும் வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்குங்க. ரெண்டு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணி. தண்ணியில பொடியைப் போடணும், பொடியில தண்ணியை ஊத்தினா கட்டி தட்டும். முதல்ல பிள்ளைங்க விளையாடுற களிமண்ணுல பாதத்தை அழுத்தி, அந்தக் குழியில பிளாஸ்டரை ஊத்துங்க. நேரா பிளாஸ்டர்ல காலை வைக்காதீங்க, இறுகுறப்போ சூடாகும், உயிரோட இருக்கிற கால்.

விரலுக்கு நடுவுல இருக்கிற முடியைக் கத்தரிச்சுட்டு எடுங்க, இல்லன்னா தடம் மங்கும். அந்த முடியைத் தூக்கிப் போடாம நூல்ல கட்டி, பிஸ்கட் டின்னுல வர்ற ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தோட வைக்கலாம். இன்னிக்கே எடுங்க. விறைச்சதுக்கப்புறம் விரல் விரியாது.

ஜெலுத்தோங் பூனை | 9 ஆகஸ்ட், காலை 9.20

கூடவே வளர்ந்த பூனை இருந்தா அதுக்கு என்ன?

பின்வாசல் | 9 ஆகஸ்ட், மதியம் 12.30

உடம்பை மோந்து பாக்க விடுங்க. சிலது திரும்பியும் பாக்காது, சிலது பக்கத்துலயே உக்காந்திருக்கும். சாப்பாட்டைக் கவனிங்க. பூனை ரெண்டு நாளைக்கு மேல சாப்பிடாம இருந்தா கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்து, குண்டுப் பூனைன்னா இன்னும் சீக்கிரம். துக்கம் தானா தீரும்னு மூணாவது நாள் வரைக்கும் விடாதீங்க.

நோயால போனது தொத்து நோயான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பதிமூணு வயசுக்குச் சிறுநீரகம் பெரும்பாலும் முதுமைதான். ஆனா எலிக்காய்ச்சலாலயும் சிறுநீரகம் போகும், அது மூத்திரத்துல மனுஷனுக்கும் வரும். சந்தேகம் இருந்தா கையுறை போட்டுத் துடைங்க. பார்வோன்னா (நாய்க்கு வர்ற வயித்துப்போக்கு வைரஸ்) தனிக் கதை, அந்த வைரஸ் வீட்டுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். முதல்ல சோப்பு போட்டு அழுக்கைக் கழுவி, பிறகு லிட்டருக்கு 30 மில்லி குளோராக்ஸ் (ப்ளீச்), பத்து நிமிஷம் ஈரமாவே விட்டுக் கழுவணும். அழுக்கு மேலேயே குளோராக்ஸ் ஊத்தினா அது அழுக்கோட சண்டை போட்டே தீர்ந்துடும். மண் தரையில அதுவும் எடுபடாது.

தடுப்பூசி இல்லாத நாய், கடைசி நாட்கள்ல குணம் மாறி, எச்சில் ஒழுகி, யாரையாவது கடிச்சுட்டுச் செத்ததுன்னா புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. கால்நடைச் சேவைத் துறையைக் கூப்பிடணும், கடிபட்டவர் அன்னிக்கே ஆஸ்பத்திரி. 2015ல பெர்லிஸ், கெடா, பினாங்கு மூணுலயும் வெறிநோய் வந்தது. விஷம்னு சந்தேகப்பட்டுப் பரிசோதனை செய்யணும்னா ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உறைஞ்சா திசு கெட்டுடும். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி போதும், அன்னிக்கே கொண்டு போகணும்.

பின்வாசல் | 9 ஆகஸ்ட், மதியம் 12.36

டிரிப் ஊசிகளை மைலோ டின்னுல போட்டு மூடியை டேப் ஒட்டி கிளினிக்ல கொடுங்க. குப்பையில போட்டா அள்ளுற ஆளு கையில குத்தும். பிரிக்காத சிறுநீரக உணவை எஸ்பிசிஏ (பிராணிகள் காப்பகம்) வாங்கிக்கும், பிரிச்சதை வாங்காது. நகராண்மைக் கழக நாய் லைசன்சையும் மைக்ரோசிப் பதிவையும் முடிச்சுடுங்க. இல்லன்னா அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லித் தகவல் வரும், அந்தப் பேரைப் பாக்கிற நாள் எந்த நாளா இருக்கும்னு சொல்ல முடியாது.

செந்தூல்காரி | 12 ஆகஸ்ட், இரவு 8.15

வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கல. பத்தாம் தேதி விடிகாலை மூணு மணி. போத்தல், பெட்டி எல்லாம் தயாரா இருந்துச்சு. குழியில ரெண்டரை அடியிலயே தண்ணி ஊறிடுச்சு, மாமனாரே எரிச்சுடலாம்னுட்டார். தனி அறை.

சாம்பல் இன்னிக்கு வந்துச்சு. சமையல் தராசுல வெச்சுப் பாத்தேன், 765 கிராம். 18 கிலோவுக்கு 630தானே வரணும்? வேற நாயோடதைக் கலந்துட்டாங்களா?

பின்வாசல் | 12 ஆகஸ்ட், இரவு 8.32

நோய்க்கு முன்னாடி என்ன எடை?

செந்தூல்காரி | 12 ஆகஸ்ட், இரவு 8.34

22.

பின்வாசல் | 12 ஆகஸ்ட், இரவு 8.41

அப்போ கணக்கு சரி. மெலிஞ்சது சதையும் தண்ணியும், அது புகையாப் போயிடும். சாம்பலா வர்றது எலும்பு மட்டும். எலும்பு 22 கிலோ நாயோடது, 770 வரணும். நான் 18ஐ வெச்சுச் சொன்னது என் தப்பு. உங்க நாய்தான்.

கலயம் 800 மில்லி வாங்குங்க.